கயிற்றோரப் பச்சை

புல் இவ்வளவு பச்சையாக இருக்கக் கூடாது என்றுதான் சிஐடிக்கு முதலில் தோன்றியது.

வேறு யாராவது பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பின்வாசல் படியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த அவளோ, துலக்குவதை நிறுத்திவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பின்புறத்துப் புல்தரையை நடுவில் ஒரு கயிறு இரண்டாகப் பிரித்திருந்தது. வலப்பக்கம் அவளுடையது. அந்தப் பக்கத்தில் கயிற்றை ஒட்டினாற்போல், ஒரு கை அகலத்துக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புல் கரும்பச்சையாகச் செழித்து நின்றது. அதைத் தாண்டியதெல்லாம் வழக்கமான சோகை பிடித்த வெளிர்பச்சை. யாரோ பெரிய தூரிகையைத் தோய்த்து ஒரே இழுப்பில் பட்டை போட்டதுபோல இருந்தது.

"யாரோ கை வெச்சிருக்காங்க," என்றாள் வாய் நிறைய நுரையோடு.

சிஐடி என்பது வீட்டில் விழுந்த பெயர். சின்ன வயதிலேயே பிஸ்கட் டப்பாவின் மூடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவைத்து அண்ணனைக் கையும் களவுமாகப் பிடித்தவள். இப்போது ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கர். நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் சட்டைகளைப் புரட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறது, எந்தக் காலர் கோணியிருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. "சந்தேகப்படறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆளு எங்க நாத்தனார்தான்," என்று அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

அண்ணி பிசியோதெரபிஸ்ட். வீட்டின் முன்பகுதிதான் அவளுடைய கிளினிக். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், முட்டியை மாற்றிக்கொண்டவர்கள் அங்கே வந்து முதலில் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கொஞ்சம் தேறியதும் அவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பின்புறப் புல்தரைக்கு அழைத்துவருவாள். வழவழப்பான தரை பாதத்திடம் ஒரே சேதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். புல்லோ ஒவ்வோர் அடியிலும் வேறொன்று சொல்லும். இங்கே சின்ன மேடு, இங்கே பள்ளம், இங்கே ஈரம். அதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தசைகள் தூக்கம் கலைந்து எழும்.

அந்தப் புல்தரைதான் இப்போது கெட்டுக் கிடந்தது.

அதை நட்டவள் சிஐடி. கிளினிக் ஆரம்பித்த புதிதில் புல்லின் கணுக்களைக் கிள்ளிக் கிள்ளி ஊன்றியது அவள் விரல்கள்தான். வேலை முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருப்பாள். குறை தேடாமல் கண்ணை ஓய்வாக வைத்துக்கொள்ள அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு இடம்தான். ஆனால் உரம் அவள் கையில் இல்லை. அண்ணியின் சித்தப்பா உரக்கடை வைத்திருந்தார். புல் மஞ்சளடிக்கும்போதெல்லாம் அவர் யூரியா கொடுத்தனுப்புவார். தூவித் தண்ணீர் விட்டால் ஒரே வாரத்தில் பச்சை பளிச்சென்று ஏறும். அதோடு விறுவிறுவென்று வளரும், அண்ணன் வெட்டுவான், மறுபடி மஞ்சளடிக்கும், மறுபடி யூரியா.

யூரியா என்பது பட்டினி கிடப்பவனுக்குக் கொடுக்கிற சர்க்கரைத் தண்ணீர் மாதிரி. உடனே தெம்பு வரும். அதிலுள்ள தழைச்சத்து தண்ணீரில் சட்டென்று கரைந்து மேல்மண்ணிலேயே தட்டில் வைத்ததுபோலக் கிடைக்கும்போது, வேர் எதற்காகக் கீழே இறங்கிக் கஷ்டப்பட வேண்டும்? அது மேலேயே சோம்பிக் கிடக்கும். வேர் இறங்காத மண்ணில் இளக்கம் இருக்காது. தின்ன எதுவும் இல்லாததால் மண்புழுவும் போய்விடும். நடப்பவர்களின் கால் பட்டுப் பட்டு மண் செங்கல்லாகும். போன மழையில் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. பக்கவாதத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அதில் சறுக்கி, அண்ணியின் கையிலேயே விழுந்தார்.

"போதும்," என்றாள் அண்ணி அன்றைக்கு. "எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு ரப்பர் தரை போட்டுடறேன்."

"குத்தம் புல்லு மேல இல்ல அண்ணி, போடற தீனி மேல."

"எல்லாக் குத்தத்துக்கும் உன்கிட்ட ஒரு ஆளு ரெடியா இருக்கும். இப்ப எங்க சித்தப்பாவா?"

இழுபறியில் கடைசியாக ஒரு ஒப்பந்தம் ஆனது. நடுவில் கயிறு கட்டுவது. இடப்பக்கம் வழக்கம்போல் யூரியா. வலப்பக்கம் சிஐடி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மழைக்காலம் முடியும்போது அவள் பக்கம் கண்கூடாக நன்றாக இருந்தால் புல் தப்பிக்கும். இல்லையென்றால் ரப்பர். ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது.

சிஐடி அவசரப்படவில்லை. முதலில் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். உர மூட்டைகளின் மேல் மூன்று எண்கள் வரிசையாக இருக்குமே, அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். முதலாவது தழைச்சத்து, இலைக்கு. இரண்டாவது மணிச்சத்து, வேருக்கும் இளஞ்செடிக்கும். மூன்றாவது சாம்பல்சத்து, வெயிலையும் மிதியையும் தாங்கும் வலுவுக்கு. மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதாகப் பரிசோதனை சொன்னதால், நடு எண் பூஜ்யமாக இருக்கும் மூட்டையைத் தேடினாள். அதிலும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் மெல்லக் கரையும் வகையாக இருக்க வேண்டும் என்று பார்த்தாள். அந்த வகையில் ஒவ்வொரு குருணைக்கும் மெல்லிய மேலுறை ஒன்று உண்டு. ஈரம் அதன் வழியாக உள்ளே போய்ச் சத்தைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியவிடும். அதோடு மண்ணுக்கென்று சலித்த மக்கிய உரம்.

இதில்தான் சறுக்கினாள். அவசரப்படாதவள் மக்கிய உரத்தில் மட்டும் அவசரப்பட்டாள். குவியலுக்குள் கையை விட்டால் இன்னும் சூடு இருந்தது. இலைகள் இன்னும் இலைகளாகவே தெரிந்தன. பரவாயில்லை என்று தூவிவிட்டாள். அரைகுறையாக மக்கியதை மண்ணில் போட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். புல்லுக்கு மிஞ்சாது. பிற்பாடு நன்றாக மக்கியதைக் கொண்டுவந்து போட்டாள் என்றாலும், அவள் பக்கம் வெளிறியது வெளிறியதுதான்.

அப்படி வெளிறிக் கிடந்த தரையில்தான் இன்றைக்கு இந்தப் பட்டை.

"புல்லு நல்லா வந்தா சந்தோஷப்படேன்," என்றான் அண்ணன் காபியை உறிஞ்சியபடி. அவன் லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுவில் நிற்பது அவனுக்குத் தொழிலிலேயே பழகிவிட்டது என்று இரண்டு பெண்களும் சொல்வார்கள்.

"நான் போடாத உரத்துல வந்த பச்சை எனக்கு எதுக்கு? இது யூரியாப் பச்சை. நாளைக்கு உன் பெண்டாட்டி என்ன சொல்வா தெரியுமா? 'பார்த்தியா, எங்க யூரியா பட்ட இடம் மட்டும்தான் உன் பக்கத்துலயே உருப்பட்டிருக்கு'ன்னு சொல்வா. அதுக்குத்தான் இந்த வேலை."

"அவளுக்குக் காலையில தலை சீவவே நேரமில்லம்மா."

"அப்ப சித்தப்பா."

அண்ணன் காபியோடு உள்ளே போய்விட்டான்.

சிஐடி மண்டியிட்டு உட்கார்ந்து பட்டையைப் பரிசோதித்தாள். கையால் யூரியாவை வீசினால் விசிறி மாதிரி விழும். விழுந்த இடம் அடர்த்தியாகவும் சுற்றிலும் திட்டுத்திட்டாகவும் இருக்கும். குருணை ஒட்டிய இலைகளில் நுனி கருகும். இங்கே திட்டும் இல்லை, கருகலும் இல்லை. கயிற்றருகே கறுத்து, தள்ளிப் போகப் போகச் சீராக வெளுத்தது. ஒருவேளை தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து யூரியாவைக் கரைத்துக் கொண்டுவந்திருக்குமோ? ஒரு சொம்புத் தண்ணீரைக் கயிற்றடியில் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் அவள் பக்கத்திலிருந்து அவர்கள் பக்கம்தான் ஓடியது.

ஆகவே மனிதக் கைதான். அதுவும் கெட்டிக்காரக் கை. அளந்து, நிதானமாக, கருகாமல் போடத் தெரிந்த கை. உரக்கடைக் கை.

மாடிப்படிக்கு அடியில் யூரியா மூட்டை இருந்தது. சிஐடி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த நீல நூலால் அதன் வாயைக் கட்டினாள். அவிழ்த்தால் திரும்ப அதேபோலக் கட்ட வேறு யாருக்கும் வராத முடிச்சு. யூரியா போடும் முறை வந்தால்தானே அவிழ்ப்பார்கள். அதற்கு இன்னும் நாள் இருந்தது.

அடுத்து, கண்காணிக்க ஆள். சறுக்கி விழுந்த அந்த டிரைவர், நடைப்பயிற்சி முடிந்ததும் மகள் வந்து அழைத்துப்போகும் வரை பின்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"ஐயா, இந்தப் பக்கம் யாராவது வந்து எதையாவது தூவறாங்களான்னு கொஞ்சம் பார்த்துக்குங்க."

"வண்டி ஓட்டின காலமெல்லாம் கண்ணாடியில பின்னாடி பார்த்தே பழக்கம்மா. டிக்கெட் எடுக்காம ஒருத்தன் தப்பினதில்ல."

"அது கண்டக்டர் வேலையில்லையா ஐயா?"

"அவன் தூங்குவான். நான்தான் பார்ப்பேன்."

மறுநாள் அவருடைய அறிக்கை வந்தது. "ஒரு பூனை வந்துச்சும்மா. அப்புறம் மறுபடி ஒரு பூனை. அதே பூனைதானான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நடுவுல கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

நூல் முடிச்சு கலையவில்லை. பூனையைத் தவிர யாரும் வரவில்லை. ஆனால் பட்டை நாளுக்கு நாள் இன்னும் கறுத்தது. சிஐடி உரக்கடைக்கே போனாள். சித்தப்பா தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. என்ன, என் யூரியாவுல மண்ணு செத்துப்போச்சா?"

"நீங்க கடைசியா எப்ப எங்க வீட்டுக்கு வந்தீங்க சித்தப்பா?"

"ஏன், வாழையிலை போட்டு வெச்சிருந்தீங்களா? நான் வரலைன்னு சோறு ஆறிப்போச்சா?" என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா. என் உரத்தைத்தான் சந்தேகப்படறேன்னு நெனச்சேன், என்னையுமா?" என்றார். கிளம்பும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "நீ போடறியே அந்த உறைபோட்ட உரம், உன் அண்ணி சொன்ன கணக்குக்கு அளவு பத்தாது. அரை வயித்துக்குத்தான் போட்டிருக்கே. மூட்டையில பாரு."

இன்னொரு மூட்டை விற்கப் பார்க்கிறார் என்று சிஐடி மனதுக்குள் குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மூட்டையின் பின்புறம் படித்தாள். அவர் சொன்னது சரி. அதுவும் எரிச்சலாக இருந்தது. எதிரி சரியாகப் பேசுவது எப்போதுமே சந்தேகத்துக்கு உரியது.

அந்த வாரமே எல்லாம் தலைகீழானது. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறாள், அண்ணி கிளினிக் வாசலில் நிற்கிறாள். விரலிடுக்கில் ஒரு துண்டு நீல நூல்.

"இது என்ன?"

"நூலு."

"யாரு நூலு?"

சிஐடி கழற்றிய செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"யூரியா போடலாம்னு மூட்டையை எடுத்தேன். வாயில உன் கம்பெனி நூலு. அந்த மூட்டைப் பக்கம் வரவே மாட்டேன்னு சொன்னவ நீ. இங்க உன் பக்கத்துல கயித்தோரமா மட்டும் புல்லு எண்ணெய் தேய்ச்ச மாதிரி மின்னுது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க சிஐடி வேலை தெரிஞ்சிருக்கணும்னு இல்ல."

"அண்ணி! நான் அதைக் கட்டினதே நீங்க..."

"நான்?"

"நீங்க எடுத்துப் போடறீங்கன்னு..."

அண்ணி நூலைக் கீழே எறிந்தாள். "நானா? உன் பக்கத்துக்கு நான் எதுக்குடி உரம் போடணும்? என் பக்கத்துக்குப் போடவே எனக்கு நேரமில்ல!" என்றாள். பிறகு குரல் இறங்கியது. கோபத்தைவிட அதுதான் சிஐடிக்கு உறைத்தது. "தோத்துட்டேன்னு சொல்லியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் தந்திருப்பேன். திருட்டுத்தனமா ஜெயிக்கப் பார்த்தியே. ஞாயித்துக்கிழமை ரப்பர்காரரை வரச் சொல்லியிருக்கேன்."

மறுநாள் கம்பெனியில் அவள் கண்ணெதிரேயே பொத்தான் இல்லாத சட்டை ஒன்று தேறிப் போனது. மேஸ்திரி எடுத்துக் காட்டியபோதுகூட அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. திருடாமலே திருடியாகிவிட்டோமே என்பது ஒரு பக்கம். அதைவிட, உட்கார இருந்த அந்த ஒரு இடம் ஞாயிற்றுக்கிழமையோடு ரப்பராகிவிடுமே என்பது. இனி ஒரே வழி, திருடனைக் கையும் உரமுமாகப் பிடிப்பது.

வெட்டுத்துணிக் குவியலிலிருந்து கறுப்பு லைனிங் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்துவந்தாள். யூரியா வெள்ளை, வெள்ளைத் துணியில் விழுந்தால் தெரியாது, கறுப்பில் உப்புக்கல் மாதிரிப் பளிச்சிடும். சனிக்கிழமை சாயங்காலம் கயிற்றை ஒட்டித் தன் பக்கத்தில் நெடுகிலும் துணிகளை விரித்து, காற்றில் பறக்காமல் குச்சி குத்திவைத்தாள்.

ஞாயிறு காலை. ரப்பர்காரர் அளக்க வருமுன் புல்லைக் குட்டையாக்கிவிடலாம் என்று அண்ணன் தானாகவே புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்துவிட்டான். சமையலறையில் இருந்த சிஐடி சத்தம் கேட்டு ஓடிவந்தாள். கறுப்புத் துணி கறுப்பாக இல்லை. மேலெல்லாம் பச்சைத் துணுக்கு.

"என் துணியைப் பார்! எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

"காயப்போட்டிருக்கேன்னு நெனச்சு ஓரமாத்தான் போனேன்," என்றான் அண்ணன், இயந்திரத்தை நிறுத்தாமலே.

அவள் ஒரு துணியைப் பிடுங்கி உதறினாள். இன்னொன்றையும் உதறினாள். ஒரு வெள்ளைக் குருணைகூட இல்லை. வெறும் புல். உதறிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். அண்ணன் அடுத்த சுற்று வந்தான். கயிற்றை ஒட்டி அவன் போகப் போக, இயந்திரத்தின் வலப்பக்க வாயிலிருந்து வெட்டிய புல் மழைச்சாரல் மாதிரிக் கிளம்பி, கயிற்றைத் தாண்டி, அவள் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு விழுந்தது. கயிற்றருகே நிறைய, தள்ளிப் போகப் போகக் குறைவாக.

"அண்ணா, நிறுத்து! இதுல புல்லு பிடிக்கிற கூடை எங்க?"

"அதுவா, கழட்டிவெச்சு ரொம்ப நாளாச்சு."

"எப்ப கழட்டினே?"

"நீ கயிறு கட்டினியே, அன்னைக்கு. கூடை கயித்துல மாட்டிக்கிட்டே இருந்துச்சு. ஏன், யாருக்கும் தொந்தரவு இல்லையே?"

"இந்தப் பக்கம் யூரியாப் புல்லை வெட்டறப்ப எப்பவும் இப்படித்தான் சுத்துவியா?"

"பின்னே? அந்தப் பக்கமாச் சுத்தினா கரண்டு வயரு கத்தியில மாட்டும்."

மின்கம்பி செருகும் இடம் கிளினிக் சுவரில் இருந்தது. கம்பி இயந்திரத்துக்கு அடியில் சிக்காமலிருக்க அவன் எப்போதும் ஒரே திசையில், இயந்திரத்தின் வாய் வெளியே பார்க்கும்படி சுற்றினான். ஆகவே வெட்டியதெல்லாம் வெளிப்புறமாகத்தான் பறந்தது. மற்ற மூன்று பக்கமும் சிமென்ட் நடைபாதை. அங்கே விழுந்ததை அவனே பெருக்கிக் குப்பையில் கொட்டினான். நான்காவது பக்கம் சிஐடியுடையது. புல்லின் மேல் விழுந்த புல் யார் கண்ணுக்கும் படவில்லை.

புல் தின்றதெல்லாம் இலையில்தானே இருக்கும்? இளம் இலையில் தண்ணீரும் தழைச்சத்தும்தான் அதிகம். அதைக் கூடையில் பிடித்துக் கொட்டாமல் அப்படியே விட்டால், சில நாளில் மட்கி மண்ணுக்குள் போய்விடும். ஒரு தரைக்கு வருஷம் முழுக்கப் போடும் தழைச்சத்தில் ஏறத்தாழக் காற்பங்கை வெட்டிய புல்லே திருப்பித் தந்துவிடும். யூரியாவைத் தின்று கொழுத்த புல்லென்றால் கேட்கவா வேண்டும்? அதோடு அவள் பக்கத்து மண்ணில் மக்கிய உரத்தால் வளர்ந்த நுண்ணுயிர்க் கூட்டம் வேறு, பந்திக்கு உட்கார்ந்த மாதிரிக் காத்திருந்தது. சித்தப்பாவின் யூரியா அண்ணி பக்கத்தில் விழுந்து, அண்ணன் கையால் வெட்டுப்பட்டு, தங்கை பக்கத்தில் பச்சையாக எழுந்திருக்கிறது.

துணியைக் கையில் பிடித்தபடி சிஐடி கணக்குப் போட்டாள். இதைக் காட்டினால் திருட்டுப் பட்டம் போகும். ஆனால் அவள் பக்கத்திலேயே நன்றாக இருந்த ஒரே பட்டை அவளுடையதல்ல என்றும் ஆகிவிடும். மிச்சம் இருப்பது வெளிர்பச்சை. வாசலில் ரப்பர்காரரின் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கூடவே, பேரம் பேச அண்ணி வரச் சொல்லியிருந்த சித்தப்பாவின் இருமலும்.

"அண்ணி!" என்று கத்தினாள். "எல்லாரும் இங்க வாங்க!"

அண்ணி வந்தாள், கேட்டாள், நம்பவில்லை.

"துணியும் உன்னோடது, நூலும் உன்னோடது. நீயே புல்லைத் தூவிவெச்சுட்டு நீயே கண்டுபிடிக்கிறியோ என்னவோ."

"அப்ப நீங்களே தள்ளுங்க."

அண்ணி துணிகளைத் தானே உதறி, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, தானே விரித்தாள். வெட்டாமல் மீந்திருந்த புல்லில் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று போனாள். திரும்பி வந்து துணியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா வீட்ல ரெண்டு பேரு முறைச்சுக்கிட்டுத் திரியறோம். உனக்கு ஒண்ணுமே தோணலியா?"

"நீங்க வேற எதுக்கோ முறைச்சுக்கறீங்கன்னு நெனச்சேன்," என்றான் அவன்.

"அதானே பார்த்தேன்," என்று சித்தப்பா ஒரு பிடி புல்லை அள்ளி முகர்ந்தார். "போடறது இங்க, பூரிக்கிறது அங்க. மீதியெல்லாம் குப்பைத்தொட்டிக்கா? அடப்பாவி மாப்பிள்ளை!"

ரப்பர்காரர் டேப்பை விரலில் சுற்றியபடி தொண்டையைக் கனைத்தார். "அப்ப இந்தப் பக்கம் ஓரத்தை விட்டா மீதி வெளுப்பாத்தானே இருக்கு மேடம்? அளந்துடட்டுமா?"

அவர் சொன்னது உண்மை. "ஒரே ஒரு தடவை தோண்டிப் பாருங்க அண்ணி," என்றாள் சிஐடி. "ரெண்டு பக்கமும். அப்புறம் நீங்க சொல்றதுதான்."

"நீ காட்டற இடத்துல தோண்ட மாட்டேன்."

"நீங்களே காட்டுங்க."

முதலில் இடப்பக்கம். அண்ணன் மண்வெட்டியை ஊன்றி மேலே ஏறி நின்றான், இறங்கவில்லை. இரண்டு முறை குதித்த பிறகு ஒரு துண்டு பெயர்ந்தது. மண்ணோடு வரவில்லை, கால்மிதி மாதிரித் தனியாக உரிந்து வந்தது. மேலே பளபளவென்ற பச்சை. அதற்கடியில் செத்த தண்டும் வேரும் பின்னிக் கம்பளமாகிப்போன பழுப்புப் படலம். வேரெல்லாம் அந்தப் படலத்துக்குள்ளேயே முடிந்திருந்தது. கீழே மண் சுட்ட ஓடு மாதிரி மின்னியது.

அண்ணி வலப்பக்கம் முழுவதையும் கண்ணால் துழாவினாள். பட்டையிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, சுவரோரம், இருப்பதிலேயே வெளிறிய மூலையாகப் பார்த்துக் கை காட்டினாள். அந்த மூலை சிஐடிக்கே நம்பிக்கையில்லாத மூலை.

மண்வெட்டி போனது. அண்ணன் எதிர்பார்க்காத வேகத்தில் போனதால் தடுமாறி அண்ணியின் தோளைப் பிடித்தான். வந்த கட்டி கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வேர்கள் விரல் நீளத்தையும் தாண்டித் தொங்கின. அறுபடாத மண்புழு ஒன்று கோபமாக நெளிந்தது.

அண்ணி மண்டியிட்டாள். பேஷண்டின் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்ப்பதுபோல, இடப்பக்கத் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விட்டாள். வலப்பக்கத்துக் குழிக்குள் கையை விட்டு அழுத்தினாள்.

"இது வீக்கம்," என்றாள் இடப்பக்கத் துண்டைக் காட்டி. "பார்க்கத்தான் கொழுகொழுன்னு இருக்கு. அந்தப் பக்கம் இருக்கே, அது தசை. ஒல்லியா இருக்கு, ஊட்டம் பத்தல. ஆனா தசை."

"அளவு பத்தாதுன்னு நான்தான் அன்னைக்கே சொன்னேனே," என்றார் சித்தப்பா. பிறகு எல்லாரும் தன்னையே பார்ப்பதை உணர்ந்து, "மாசாமாசம் யூரியா போடுன்னு நான் எப்பவும் சொன்னதில்ல. மஞ்சளானா போடுன்னேன். மாசாமாசம் மஞ்சளாச்சு, நான் என்ன பண்றது?" என்றார்.

அண்ணி எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு தீர்ப்பு சொன்னாள். படியை ஒட்டி, புதிதாக இறங்குகிறவர்கள் முதல் அடி வைக்கிற இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு ரப்பர். மீதி முழுக்கப் புல். கயிறு வேண்டாம், கூடையும் வேண்டாம். வெட்டினது வெட்டின இடத்திலேயே கிடக்கட்டும். நடு எண் பூஜ்யமாக இருக்கிற மெல்லக் கரையும் உரம், மூட்டையில் போட்டிருக்கும் அளவில். மக்கிய உரம், கையை விட்டுச் சூடில்லை என்று பார்த்த பிறகு. கெட்டிப்பட்டுப்போன இடப்பக்கத்தை தோட்டத்து முள்கரண்டியால் குத்தி இளக்கிவிடுவது அண்ணன் பொறுப்பு. "ஞாயித்துக்கிழமைதோறும்," என்றாள். அண்ணன் முகம் விழுந்தது.

ரப்பர்காரர் குனிந்து அளக்கத் தொடங்கினார். சிஐடி போய் அவர் தலைக்கு மேலே குனிந்து நின்றாள்.

"சார், டேப்பை விறைப்பாப் பிடிங்க. தொய்வா விட்டா ரப்பர் ஒரு சாண் புல்லுக்குள்ள வந்துடும்."

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா."

"இருக்கட்டும். பிடிங்க."

பின்னால் அண்ணி, தோண்டிய குழியில் மண்கட்டியைத் திரும்ப வைத்து, குதிகாலால் பதமாக அழுத்திக்கொண்டிருந்தாள். சிஐடி திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு சுலபமாக அண்ணி எதற்கும் ஒத்துக்கொண்டதாக அவளுக்கு நினைவில்லை.

"ஏன் அண்ணி சரின்னுட்டீங்க?"

"என் பேஷண்டுக்கு நல்ல தரை வேணும். அதுக்குத்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்டி. வேற என்ன?"

சிஐடி அண்ணியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் ஒளிவு மறைவு எதுவும் தெரியவில்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, ரப்பர்காரர் கோடு போட்ட இடத்துக்கு அந்தப் பக்கமாக, புல்லில் உட்கார்ந்தாள்.